ரப்பர் வாத்து கிடைக்காத நாள்

இன்றைய வேலை, ஒரே ஒரு பட்டனைச் சரி செய்வது.

உத்திரமேரூரில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் தணிகாசலம் அண்ணனுக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். பச்சையாகத் தெரியும் தேதியை அழுத்தினால் மண்டபம் உங்களுக்கு. அவ்வளவுதான்.

காலையில் சோதித்துப் பார்த்தோம். வைகாசியில் ஒரே முகூர்த்தத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். இருவருக்குமே மண்டபத்தைக் கொடுத்து, இருவருக்குமே வாழ்த்தும் சொன்னது என் வெப்சைட்.

"ஒரு மணையில ரெண்டு மாப்பிள்ளையா? நாலு மணிக்கு வரேன், சரி பண்ணிக் காட்டு. இல்லன்னா என் பழைய நோட்டே போதும்" என்று கிளம்பிவிட்டார்.

உள்ளூரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. நாற்பது பக்க நோட்டிடம் தோற்றால் பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

பதினோரு மணி வரை நானும் கோடிங்கும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான், டெவலப்பர்களுக்கு உதவும் என்று நான் சேர்த்து வைத்து, ஒருநாளும் திறக்காத பக்கங்களில் ஒன்று கண்ணில் பட்டது. மேஜையில் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வையுங்கள். உங்கள் கோடிங்கை வரி வரியாக அதற்கு விளக்குங்கள். பாதியிலேயே தப்பு உங்களுக்கே தெரிந்துவிடும்.

"அதை என்கிட்ட சொல்லித் தொலையேன்" என்றாள் மனைவி கற்பகம்.

"நீ திருப்பிக் கேள்வி கேப்ப. வாத்து கேக்காது."

"அப்ப வாத்தையே கட்டிக்கினு இருந்திருக்கலாமே!"

பொம்மைக் கடைக்குப் போனேன்.

"வாத்து இல்லபா. டைனோசர் கீது. அமுக்குனா கத்தும்."

"கத்தக் கூடாதே."

"கத்தாத டைனோசர் இன்னாத்துக்கு?"

குறிப்பில் வாத்து என்றால் வாத்துதான். தேர்தல் விதிகளை ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர்க்காரன் நான். விதியில் கை வைக்க மாட்டேன். 'ரப்பர்' என்ற ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன்.

சாலவாக்கம் ரோட்டில், அறுப்பு முடிந்த வயலில், முந்நூறு வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. மேய்க்கிறவர் பெயர் அஞ்சலை.

"அக்கா, ஒரு வாத்துகிட்ட கொஞ்சம் பேசணும்."

"முட்டையா, கறியா?"

"பேச மட்டும்தான்."

லேப்டாப்பைப் பார்த்தார். "கவர்மெண்டா சார்?"

"இல்லக்கா, கம்ப்யூட்டர் வேலை."

"அதான பாத்தேன்" என்று பரிதாபப்பட்டுவிட்டு, சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டு மர நிழலில் உட்கார்ந்தார்.

அசையாமல் நின்ற வாத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வரப்பில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

"பக்கத்தைத் திறக்கும்போதே தேதி காலியான்னு பாத்துடறேன். காலின்னா பச்சை. அப்புறம் அவங்க பேர், ஊர் எல்லாம் அடிச்சு முடிச்சு பட்டனை அழுத்தினா..."

வாத்து தலையைச் சேற்றுக்குள் விட்டுக்கொண்டது. என் பழைய டீம் லீடரும் இப்படித்தான் கேட்பார்.

வெப்சைட்டையே ஓட விட்டுக் காட்டலாம் என்றால் போனில் சிக்னல் இல்லை. வரப்பில் ஒரு நீளக் கம்பு கிடந்தது. நுனியில் வெள்ளை பிளாஸ்டிக் பை. எனக்காகவே யாரோ கட்டி வைத்த மாதிரி! போனை அந்தப் பைக்குள் போட்டு, கம்பை உயரத் தூக்கினேன்.

சிக்னல் வந்தது. வாத்துகளும் நகர்ந்தன.

கம்பை இடது பக்கம் சாய்த்தேன். முந்நூறும் வலது பக்கம் ஓடின. பதறிப்போய் வலது பக்கம் சாய்த்தேன். முந்நூறும் வரப்பைத் தாண்டி ரோட்டில் ஏறின. பெருநகர் ஊருக்குப் போகிற பஸ் கிறீச்சென்று நின்றது.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டார். "எல்லாருக்கும் எந்த ஊருக்குபா டிக்கெட்டு?"

"யோவ் லேப்டாப்பு!" அஞ்சலை சோற்றுக் கையோடு ஓடி வந்தார். 'சார்' போய்விட்டது. "கம்பை எறக்குயா!"

"எறக்குனா போன் சேத்துல வியுந்துடும்கா!"

"நீ வியப் போற இப்ப!"

கம்பைப் பிடுங்கி, பையிலிருந்த போனோடு சேர்த்தே இரண்டே வீச்சில் மொத்தத்தையும் திருப்பினார். வயலோரத்தில் வலை கட்டிய பட்டி இருந்தது. ஒரு வாத்து மட்டும் நுழைகிற மாதிரி வாசல். அங்கே குனிந்து நின்று எண்ண ஆரம்பித்தார்.

நல்ல பெயர் வாங்கலாம் என்று சொன்னேன். "ரோட்லயே நான் எண்ணிட்டேன்கா. எல்லாம் சரியா கீது."

"ரோட்ல எண்ணி இன்னாத்துக்கு? இங்க வரதுக்குள்ள எது எங்க பூந்துச்சோ! உள்ள நுழையறப்பதான்யா எண்ணணும். ஒண்ணு நுழைஞ்ச அப்பறம்தான் அடுத்தது."

என் வெப்சைட்டும் ரோட்டில்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

நான் பக்கம் திறக்கும்போது மட்டும்தான் பார்க்கிறேன். பேர், ஊர் அடிப்பதற்குள் இன்னொருவர் அதே தேதிக்குள் புகுந்துவிடுகிறார். பட்டனை அழுத்தும் நொடியில், வாசலிலேயே, ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும்!

"அக்கா, நீங்க ஜீனியஸ்!"

"ரெண்டு கொறையுது. போய்த் தேடு."

இரண்டரை மணி வரை தேடினேன். ஒன்று மதகுக்குள். இன்னொன்று, நான் பேசிய அதே வாத்து, என் லேப்டாப் பையின் மேல் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து நான்கே வரி மாற்றினேன். நாலு மணிக்குத் தணிகாசலம் அண்ணன் தன் மச்சானோடு வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி இருவரும் ஒரே தேதியை அழுத்தினார்கள். மச்சானுக்கு மண்டபம் கிடைத்தது. மண்டபத்துக்குச் சொந்தக்காரருக்கு 'மன்னிக்கவும்' வந்தது.

அவருக்கு ஒரே சந்தோஷம். நோட்டை அவரே மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"பீரோவுல போட்டு வெச்சிடறேன். இதெல்லாம் எங்கபா கத்துக்கின? மச்சான் பொண்ணும் இதான் படிக்குது. நீ கத்துக்கின எடத்தோட லிங்க்கைக் கொஞ்சம் அனுப்பு."

கற்பகம் என் முழங்கால் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிங்க் அனுப்பினேன். சாலவாக்கம் ரோட்டு வயலின் மேப் லிங்க். கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: கம்பைத் தொட வேண்டாம்.