செவ்வக ஓதம்

சுவர் இன்றும் காயவில்லை.

காஸ்பர் தொட்டுப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டர் என்ற முறையில் நாக்காலும் ஒரு சோதனை செய்தான். தண்ணீர்தான். அதுவரை ஆராய்ச்சி வெற்றி.

ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கோயிலில் பூசை முடிந்ததும் ஆம்ப்ரோஸ் வீடு பார்க்க வருகிறார். அவர் பி.டபிள்யூ.டி. ஓவர்சீயர். "எம் பொண்ணு ஐவிக்கு ஆஸ்துமா தம்பி. வீட்டுல ஓதம் இருந்தா இந்தக் கல்யாணப் பேச்சை இதோட விட்டுடுவோம்" என்று சொல்லியிருந்தார்.

இன்று வியாழன்.

காஸ்பர் ஓதத்தை அளந்து நோட்டில் வரைந்தான். 'அகலம் இரண்டடி, உயரம் மூன்றடி. ஏறக்குறைய செவ்வகம். காரணம் ஆராயத்தக்கது' என்று எழுதினான். கசிவின் கடுமைக்கு அத்தாட்சிகளும் சேர்த்தான்: தீக்குச்சி பற்றுவதில்லை, ஆணியில் மாட்டும் துண்டு சாயங்காலம்வரை காய்வதில்லை, அகராதி உப்பிவிட்டது.

சுவருக்கு மறுபுறம் ஒரு தண்ணீர்த் தொட்டி. அவனும் பக்கத்துப் போர்ஷன் ஜைதூன் பீயும் அதில்தான் தண்ணீர் மொள்வார்கள். தொட்டியில்தான் விரிசல் என்று தீர்மானித்தான். வெள்ளிக்கிழமை காலையில், கல்லூரியிலிருந்து கொண்டுவந்த பெர்மாங்கனேட்டைத் தொட்டியில் கரைத்தான். விரிசல் இருந்தால் சுவர் சிவக்க வேண்டும். நாற்காலி போட்டுச் சுவரெதிரே உட்கார்ந்தான்.

சுவர் சிவக்கவில்லை. பக்கத்து வீடு அலறியது.

"ஐயோ நைனா! தொட்டியில செவப்பு மருந்து ஊத்திக்கீறாங்கோ! காலராவுக்கு ஊத்தறதாச்சே! யாருக்கு வந்துகீது?"

"பதறாதீங்கம்மா. ஒண்ணுமில்ல, நான்தான்..."

"உனக்கா காலரா?"

பத்து மணிக்குக் காஸ்பர் வாந்தியெடுத்தான் என்றது சந்து. பதினோரு மணிக்கு ஆள் தேறுவது கஷ்டம் என்றது. பன்னிரண்டு மணிக்கு சானிடரி இன்ஸ்பெக்டர் வந்து எல்லோருக்கும் ஊசி போட ஆரம்பித்தார். காஸ்பருக்கு இரண்டு: ஒன்று தடுப்புக்கு, இன்னொன்று மறுத்துப் பேசியதற்கு.

சனிக்கிழமை இடது கை தூக்க முடியவில்லை. ஆனால் வலது கை இருந்தது, அதுதான் வினை. ஜைதூன் பீயிடம் சுத்தியலும் உளியும் இரவல் வாங்கினான். தொட்டியில் இல்லையென்றால் சுவருக்குள் போகும் குழாயில்தானே ஓட்டை இருக்க வேண்டும்? காரையைக் கொத்தினான். குழாய் காய்ந்து கிடந்தது. நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னும் ஓர் அடி அடித்தான்.

அதன்பிறகு குழாய் காய்ந்து கிடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ரோஸ் கையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"சந்து முனையில புடிச்சு ஊசி போட்டுட்டாங்க தம்பி. எவனோ ஒரு முட்டாள் தொட்டியில மருந்தைக் கரைச்சானாம்."

"அப்படியா சார்?" என்றான் காஸ்பர்.

ஆம்ப்ரோஸ் கூடத்தைப் பார்த்தார். பாதிச் சுவர் தரையில் இருந்தது. தரை தண்ணீரில் இருந்தது. குழாயில் காஸ்பரின் நல்ல வேட்டி சுற்றியிருந்தது. அவன் நோட்டை நீட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார்.

"அந்த முட்டாள் நீதானா?"

"ஆமா சார்."

"இருபது வருஷமா ஓதம் பாக்கறேன். இவ்வளவு முறையா ஒருத்தனும் தேடினதில்ல. அளவு, படம், அத்தாட்சி! குழாய் கெடக்குது, மாத்திக்கலாம். இப்படி மூளையுள்ள பையனை நான் எங்க போய்த் தேடுவேன்? அடுத்த ஞாயிறே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடறேன், மாப்பிள்ளை!"

வலிக்காத கையை நீட்டினார். காஸ்பரும் வலிக்காத கையை நீட்டினான்.

அப்போது சுத்தியலைத் திருப்பி வாங்க வந்த ஜைதூன் பீ, வாசற்படியிலேயே நின்று சுவரைப் பார்த்தாள். பிறகு சுவரின் மேலே இருந்த ஆணியையும் அதில் தொங்கிய துண்டையும் பார்த்தாள்.

"இதுக்கா நைனா செவுத்த ஒடைச்சே? குளிச்சிட்டு அந்தத் துண்டைப் புழிஞ்சி மாட்டியிருந்தா போதுமே!"