தாய்மாமனுக்கு ஒரு தேங்க்ஸ்

வாழ்க்கையில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைத்தான் நான் முழுமையாகக் கற்றேன். அதனால் என் தங்கையின் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் போட் ஏறி எர்ணாகுளத்தில் ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். 'தேங்க்ஸ்' என்ற சொல்லும் 'நினைப்பது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை என்றார் ஆசிரியர். யார் எது செய்தாலும் அதைச் சொல்ல வேண்டுமாம். அன்றிலிருந்து தெருவில் ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. (சாயாக்கடைச் சேட்டன் கிளாஸை நீட்டிவிட்டு உள்ளே ஓடிவிடுவார்.)

கல்யாணத்தன்று காலை, முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சாம்பார் வைக்கப் பெரிய அண்டா ஒன்றைத் தலையில் சுமந்து வந்து பந்தலில் இறக்கினார். சம்பந்தி வீட்டார் பார்க்க, நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "தேங்க் யூ வெரி மச், மாமா" என்றேன்.

மாமாவின் முகம் மாறியது. "எந்தாடா அது? யாருக்கெல்லாம் சொல்லுவாங்க?"

கேட்டுவிட்டாரே என்று எனக்கு ஒரே பூரிப்பு. "எல்லாருக்கும் சொல்லலாம் மாமா. தபால்காரர், பஸ் கண்டக்டர்..."

"அப்ப நானும் பஸ் கண்டக்டரும் ஒண்ணு, அல்லே?"

(அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். நான் சொல்லின் வேரை விளக்கத் தொடங்கினேன்.)

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்து வராமல் பெண் மணமேடை ஏற முடியாது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. தங்கை அழுத அழுகையில் கண்மை கன்னத்துக்கு வந்துவிட்டது.

மாமா போட் ஜெட்டியில் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய், "சாரி மாமா" என்றேன்.

"அதுக்கும் வேரு உண்டோ?" என்று கேட்டுவிட்டுக் காயலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பின்னாலேயே அம்மா வந்தாள். சமாதானப் பேச்செல்லாம் கிடையாது. "டேய், நீ கொண்டுவந்த அண்டா ஓட்டைடா! சாம்பார் பூரா அடுப்புல ஒழுகுது. இங்க உக்காந்து காத்தா வாங்கற? எந்திரி!"

மாமா துள்ளி எழுந்தார். "அய்யோ அக்கா, இதை முதல்லயே சொல்லக்கூடாதா?"

வேறு அண்டா வந்தது. மாமா கைபிடிக்கத் தங்கையும் மேடை ஏறினாள். முதல் அண்டாவில் ஓட்டையே இல்லை என்பதை மாமா பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் கண்டுபிடித்தார். அதற்காக அவருக்கு அம்மாமேல் துளிக்கூடக் கோபம் வரவில்லை. எல்லாம் என்மேல்தான்.

மாமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. நான் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோனால் போதும், வீடே பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். அவர் நிதானமாகக் குடித்து, வாயைத் துடைத்து, என் கையைப் பிடித்துக் குலுக்குவார்.

"தேங்க் யூ வெரி மச், கண்டக்டர் சார்."