கழட்டியண்ணை நம்பாத சொல்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ‘இல்லை’ என்ற சொல்லை ஒருநாளும் நம்பாத ஒரே ஆள் எங்கள் கழட்டியண்ணைதான். கடல் வற்றிப்போச்சு என்று சொன்னாலும், “எந்தப் பக்கத்துக் கடல்?” என்று கேட்டிருப்பார்.

கப்பல் முகவர் கந்தோரில் தரவுத்தளம் பார்ப்பது அவர் வேலை. எதையாவது தேடி, ஒன்றும் வராமல் திரை வெறுமையாக நின்றால் நாங்கள் கணினியைத் திட்டுவோம். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “கேட்டது கூடிப்போச்சு. ஒவ்வொண்டாக் கழட்டுங்கோ” என்பார். தேடலில் நாங்கள் போட்ட நிபந்தனைகளை ஒன்றொன்றாக நீக்குவார். எதை நீக்கியதும் விடை வருகிறதோ, பிழை அதில்தான். அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான்.

ஒருநாள் சீமெந்துக் கப்பலொன்று யன்னலுக்கு வெளியே மலை மாதிரி நின்றது. திரையில் இல்லை. மனேஜர் யன்னலை நம்பவில்லை. “கப்பல் வரேல்லையெண்டு கொழும்புக்குச் சொல்லிப்போட்டன்” என்றார். கழட்டியண்ணை சரக்கைக் கழட்டினார், இறங்குதுறையைக் கழட்டினார். புறப்பட்ட திகதியைக் கழட்டியதும் கப்பல் திரையில் வந்து நின்றது.

“சேர், இன்னும் இஞ்சையிருந்து வெளிக்கிடாத கப்பலை வெளிக்கிட்ட திகதி போட்டுத் தேடினால் எப்பிடி வரும்?”

கன்ரீன்கார நானாவிடமும் இதே தொல்லை.

“நானா, சூடான உழுந்து வடை இருக்கோ?”

“இல்ல.”

“ஆறின உழுந்து வடை?”

“இல்ல.”

“வடை?”

“இல்ல சேர்!”

“தின்ன ஏதும்?”

“பாண் இருக்கு.”

“பாத்தியளே, இருக்கு!”

பின்னால் பசியோடு நிற்கும் எனக்கு அவரைக் கடலில் தள்ளலாம் போலிருக்கும்.

போன மாரியில் பாலையூற்றில் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி றோசக்காவுக்கு மறதி நோய் முற்றியிருந்தது. அண்ணை அவருக்கு முன்னால் குந்திக்கொண்டு கேட்டார்.

“றோஸ், நான் ஆர்?”

“தெரியேல்லை.”

எனக்கு எழும்பி ஓடவேண்டும் போலிருந்தது. அண்ணை அசையவில்லை.

“உமக்குப் புருசன் இருக்கிறாரோ?”

“தெரியாது, தம்பி.”

அண்ணை ‘புருசன்’ என்பதையும் கழட்டினார்.

“அப்ப, காலமையில ஆரும் தேத்தண்ணி கொண்டந்து தாறவையோ?”

அக்காவின் முகம் மலர்ந்தது. “ஓம், ஒரு ஆள் வரும். நல்ல மனுசன். ஆத்தித்தான் தரும்.”

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. “பாத்தியளே, இருக்கு.”

மாரி முடிய முதலே நெஞ்சுவலி வந்து அண்ணை போய்விட்டார். செத்தவீட்டில் றோசக்கா பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ என்று நினைத்துக் கதிரையில் போய் இருந்தார். நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டு, நன்றாக ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார். கோப்பையை என்னிடமே நீட்டினார்.

“இது அந்த ஆளின்ர தேத்தண்ணி இல்லை” என்றார்.

அண்ணை, அந்த ஒரு ‘இல்லை’யை நீங்கள் கேட்டிருக்கவேணும்.