மூணு பள்ளிக்கூடமும் ஒரு கொக்கித் தராசும்

தராசுக்காரருக்கு அன்று வீரம் வந்துவிட்டது. கடைத்தெருத் தராசுகளையெல்லாம் பழுது பார்த்து முள்ளை நேரே நிறுத்துகிற மனுஷன். வீட்டில் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். இந்த ஒரு முடிவையாவது தானே எடுத்துவிட வேண்டும்.

"பக்கத்துல மூணு நடுநிலைப் பள்ளி இருக்கு. எது நல்லதுன்னு நானே பார்த்துச் சொல்றேன். யாரும் குறுக்க வரக்கூடாது."

"தாராளமா," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

அவருக்குப் பயமாகிவிட்டது. இவ்வளவு லேசில் அவள் எதற்கும் தலையாட்டியதில்லை.

"மேட்டுப் பள்ளியை முதல்ல பாருங்க. அப்புறம் பாலத்தடி. கடைசியா மார்க்கெட் பின்னாடி இருக்கறது. அப்பதான் அலைச்சல் இருக்காது."

மேட்டுப் பள்ளியிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இதேதான். மைதானம் எவ்வளவு பெரிசு தெரியுமா?"

"இன்னும் ரெண்டு இருக்கே."

பாலத்தடிப் பள்ளியில் புத்தக அறை இருந்தது. "இதேதான். மைதானத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது, உழவா ஓட்டப் போறோம்? ஆனா மேட்டுல காத்து நல்லா வருது. ஆனா இங்க..."

"குழம்பாம மூணாவதையும் பார்த்துட்டு வாங்க."

குழம்பாமல் எப்படி இருப்பது? மண்டை காய்ந்துபோய், கடைசியில் தொழிலையே நம்பினார். கொக்கித் தராசை எடுத்துக்கொண்டு மார்க்கெட் பள்ளி வாசலில் நின்று, வீட்டுக்குப் போகிற பிள்ளைகளின் பைகளை மாட்டி நிறுத்தார். பை கனமாக இருந்தால் படிப்பு ஜாஸ்தியா, பாரம் ஜாஸ்தியா? அதை அவர் யோசித்திருக்கவில்லை.

வாட்ச்மேன் வந்தார். "பழைய புத்தகம் கிலோ என்ன விலைக்கு எடுக்கறீங்க?"

மானம் போயிற்று. நல்லவேளை, தலைமை ஆசிரியை வந்து உள்ளே கூப்பிட்டார். சோதனைக் கூடத்துத் தராசு ஒரு பக்கமாகவே சாய்கிறதாம். சரிபண்ணிக் கொடுத்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் மிதந்துகொண்டே வீட்டுக்கு வந்தார்.

"மார்க்கெட் பள்ளிதான். இது என் முடிவு. யார் சொன்னாலும் மாத்த மாட்டேன்."

உள்ளறையிலிருந்து மகள் வந்தாள். மார்க்கெட் பள்ளிச் சீருடையில். மனைவி ஊசியும் நூலுமாகக் குனிந்து ஓரம் தைக்க ஆரம்பித்தாள்.

"போன வாரமே சேர்த்தாச்சுங்க. அங்க கணக்கு டீச்சர் பிரமாதம்."

அவருக்குத் தலை சுற்றியது. "அப்ப என்னை எதுக்கு அலைய விட்டே? நான் மேட்டுப் பள்ளின்னு சொல்லியிருந்தா?"

"சொல்ல மாட்டீங்க. துணிக்கடையில கடைசியா விரிச்சுக் காட்டுற சட்டையைத்தானே எப்பவும் எடுக்கறீங்க. அதான் அந்தப் பள்ளியைக் கடைசியா பார்க்கச் சொன்னேன்."

இருபது சட்டைகள் அவர் கண்முன்னே வந்து போயின. "இதை நீ எப்பக் கண்டுபிடிச்சே?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? உங்க அக்கா சொன்னது."

"எப்ப?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நீங்க பொண்ணு தேடிக்கிட்டு இருந்தப்ப. அதனாலதான், மத்த பொண்ணுங்களையெல்லாம் பார்த்து முடிச்சிட்டு எங்க வீட்டுக்கு வந்தாப் போதும்னு சொல்லி அனுப்பினேன்."