பெயர் பொருந்தவில்லை

ஆரணியிலேயே பெற்ற தாயிடம் அடையாள அட்டை கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ‘சர்ட்டிபிகேட்’தான். நான் கடிதம் எழுதும் வேலை பார்த்த பட்டு மொத்த வியாபாரக் கடையில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவர். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

பட்டப்பெயருக்குக் காரணம் மெயில். எங்கள் மெயில் பூட்டப்பட்டுத்தான் போகும். அந்தப் பக்கம் அதை வாங்கிக்கொள்ளும் கம்ப்யூட்டர், அதாவது சர்வர், முதலில் தன் பெயர் போட்ட சர்ட்டிபிகேட்டைக் காட்ட வேண்டும். நாம் தேடிப்போன பெயர் அதில் இல்லாவிட்டாலும் பெரும்பாலானவர்கள் மெயிலைக் கொடுத்துவிடுவார்கள். இவர் கொடுக்க மாட்டார்.

ஒரு கல்யாண சீசனுக்கு முன், புது பார்டர் டிசைன் ஒன்று சென்னைக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் சேராவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். தவறான கைக்குப் போனாலோ, நம் தறியில் பாவு ஏறும் முன்பே எங்கோ பவர்லூமில் சேலை இறங்கிவிடும். சென்னைக்காரர்கள் அந்த வாரம்தான் சர்வரை மாற்றியிருந்தார்கள். சர்ட்டிபிகேட்டில் வேறு ஏதோ கம்பெனியின் பெயர். காலையிலிருந்து மெயில் நகரவில்லை.

“இன்னா பேஜார்ப்பா இது? பூட்டிதானே அனுப்புற?” என்றார் முதலாளி.

“பூட்டிதாங்க அனுப்புறேன். அந்தாண்ட சாவிய வச்சிகினு நிக்கிறது யாருன்னு பாக்க வேணாமா?”

டிசைன் சேராவிட்டால் நாளை வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். சர்ட்டிபிகேட் அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு சென்னை பஸ்ஸைப் பிடித்தார்.

அங்கே கடைக்காரர் பாபு கை நீட்டினார். இவர் ஆதார் கேட்டார். அதில் பத்மநாபன் என்று இருந்தது. பென் டிரைவ் சட்டைப் பைக்குத் திரும்பியது. பாபு தன் பழைய கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்தார்; ‘பாபு என்கிற பத்மநாபன்’ என்று தங்க எழுத்தில் இருந்தது. “பத்திரிகைய யார் வேணா அடிச்சிக்கலாங்க” என்றாராம் இவர். கடைசியில் வீட்டிலிருந்து கிரயப் பத்திரம் வந்தது. அதே வரி, சார்பதிவாளர் முத்திரையோடு. “சரியா இருக்குங்க” என்று கொடுத்துவிட்டார்.

ஆறு மணிக்குப் பாபுவின் போன் வந்தது. முதலாளி கேட்டுவிட்டுப் போனை வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “ஆர்டர் குடுத்துட்டாரு. அவரோட டிசைனெல்லாம்கூட இனிமே நம்மகிட்டதான் வருமாம். இவன் இங்க இருக்கற வரைக்கும்” என்றார்.

இப்போது சர்ட்டிபிகேட் பெங்களூரில் இருக்கிறார். போன் செய்தால், என் குரல் நன்றாகத் தெரிந்தும், பெயரை இனிஷியலோடு சொல்லச் சொல்வார். நானாக முந்திக்கொண்டு சொல்வதில்லை. அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கிறேன்.