தாம்பாளத்தில் எழுதிய கை

அறுவடை முடிந்த கையோடு நீடாமங்கலத்தில் ஓர் அதிசயம் விளைந்தது. வாய் பேசாத குழந்தைகள் நெல்லில் எழுதத் தொடங்கினார்கள்.

அகரம் அறியாத ஐந்து வயதுப் பிள்ளை, பஞ்சநத அடிகள் என்னும் சாமியார் கையைப் பற்றிய மாத்திரத்தில், பித்தளைத் தாம்பாளத்தில் பரப்பிய புதுநெல்லின்மேல் முத்து முத்தாக எழுதியது. எழுதியதோடு நின்றதா? அறிவுரையும் கூறியது. "தாயே, கலங்காதே" என்றது. "அடிகளுக்கு மண்டபம் எழுப்பு" என்றது. நன்னிலத்துக் குழந்தையும் மண்டபம் கேட்டது. திருவிடைமருதூர்க் குழந்தையும் மண்டபமே கேட்டது. ஒரு குழந்தையாவது மிட்டாய் கேட்டதா என்றால், இல்லை.

மூடிக் கிடந்த அரிசி ஆலையின் களத்தில் பந்தல் எழுந்தது. வேன்கள் வரிசை கட்டின. வந்த குடும்பங்கள் எல்லாம் ஆளுக்கொரு மூட்டை நெல்லைக் காணிக்கையாக இறக்கின. வாக்கு எழுதுவதற்கு இரண்டு படி நெல் போதும். மீதி எங்கே போயிற்று என்று எந்தக் குழந்தையும் எழுதவில்லை. அடிகள் காவி உடுப்பதற்கு முன்பு கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். குழந்தைகளின் கையெழுத்தும் பெயர்ப்பலகை எழுத்தைப் போலவே அழகாக இருந்தது. அதுவும் அருள்தான் என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இந்த அருளால் எழில்மொழியிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள்தான் குறைந்துகொண்டே வந்தார்கள். செயல்முறைச் சிகிச்சை படித்து முடித்து, கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த குழந்தைகள் மையத்தில் அவள் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சோற்றைத் தானே அள்ளி உண்ணவும், பொத்தானைத் தானே போடவும், வேண்டியதைக் காட்டிக் கேட்கவும் குழந்தையைப் பழக்குவது அவள் வேலை. அதில் அதிசயம் ஏதும் இல்லை. ஆகவே கூட்டமும் இல்லை.

அன்று செவ்வந்தி தன் ஆறு வயது மகன் பரிதியை அழைத்துக்கொண்டு வந்தாள். பயிற்சிக்கு அல்ல, விடைபெறுவதற்கு.

"நாளையிலேருந்து வரமாட்டோம் மேடம். ஒரு மண்டலம் அடிகள் கிட்டயே இவனை விடப் போறேன். இவனே எழுதிட்டான், 'என்னைப் பயிற்சிக்கு அனுப்பாதே'ன்னு."

"அக்கா, அவனுக்கு எழுத்தே தெரியாதே?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா 'அம்மா'ன்னு எழுதினான் மேடம். ஆறு வருஷமா காத்துக்கிட்டு இருந்த வார்த்தை." செவ்வந்தியின் குரல் இறங்கியது. "உங்க கிட்ட எப்ப பேசுவான்னு கேட்டேன். தெரியாதுன்னீங்க. அவர் நாப்பத்தெட்டு நாள்னு சொல்றாரு."

எழில்மொழி மனத்துக்குள் கணக்குப் போட்டாள். நாற்பத்தெட்டு நாள்! பரிதி கரண்டியைப் பிடித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதை விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். செவ்வந்தியை ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். அங்கே கமருன்னிஸா இருந்தாள். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் இதே வேலையில் சேர்ந்து, இப்போது மையத்தை நடத்துபவள். புதிதாகச் சேர்ந்தவர்கள் தடுமாறும்போது அவர்களுடைய குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுவது அவள் முறை.

"எனக்கு இந்த வேலை வராதுக்கா. தெரியாதுன்னு சொன்னேன். போறேங்கறாங்க."

"தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னது சரிதான். அதோட ஏன் நிறுத்தின? தெரிஞ்சதைச் சொல்லலாம்ல?"

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"நீ எழுதினதுதானே இது? படி."

எழில்மொழி படித்தாள். 'கரண்டியை எடுக்கும்போது பரிதி கரண்டியையே பார்க்கிறான். பார்க்காமல் எதையும் எடுப்பதில்லை.' படித்ததும் நிமிர்ந்தாள். வெளியே வந்து கேட்டாள்.

"அக்கா, நெல்லுல எழுதும்போது பரிதி எங்க பார்த்தான்?"

செவ்வந்தி செல்பேசியை எடுத்துக் காணொளியைக் காட்டினாள். தாம்பாளத்தின் ஒரு புறம் பரிதி, எதிர்ப்புறம் அடிகள். விரல் எழுதிக்கொண்டிருந்தது. பரிதி தலைக்குமேல் சுழலும் மின்விசிறியை இரசித்துக்கொண்டிருந்தான்.

செவ்வந்தி காணொளியை மறுபடி ஓட்டினாள். மூன்றாம் முறை ஓட்டியபோது அவள் முகம் மாறியது.

"எழுத்து அவர் பக்கமா நேரா இருக்கு. இவனுக்குத் தலைகீழால்ல இருக்கும்?"

"யார் சொல்றதையும் நம்ப வேணாம்க்கா. சோதிச்சுப் பார்த்துடுவோம்." மாட்டுப்படம் ஒன்றையும் பேருந்துப்படம் ஒன்றையும் எடுத்து, முதுகோடு முதுகாக ஒட்டினாள் எழில்மொழி. "அவன் என்ன பார்க்கிறானோ அதைத்தானே எழுதணும்? இந்த அட்டையை நான் பிடிக்கிறேன்."

"நீங்க பிடிச்சா உங்களைத்தான் குறை சொல்லுவாங்க. குடுங்க, பெத்தவ பிடிக்கிறேன்."

மறுநாள் காலை களத்தில் கூட்டம் நெரிந்தது. எழில்மொழி பந்தலுக்குள் நுழைந்தாள். கமருன்னிஸா கூடவே வந்து பக்கத்தில் நின்றாள். புதியவளுக்கு அப்போது அதுவே போதுமானதாக இருந்தது.

"பிள்ளையை விட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு ஆசை சாமி," என்றாள் செவ்வந்தி. "ஒரு படம் காட்டறேன். அது என்னன்னு எழுதட்டும். கண்ணாரப் பார்த்துட்டுப் போறேன்."

"ஞானக்குழந்தைக்குப் படமா!" அடிகள் சிரித்தார். "காட்டும்மா, காட்டு."

தாம்பாளத்துக்கு நடுவே அட்டையை நிமிர்த்திப் பிடித்தாள் செவ்வந்தி. பரிதியின் பக்கம் பேருந்து. அடிகளின் பக்கம் பசு. அடிகள் பையனின் மணிக்கட்டைப் பற்றினார். கண்களைப் பாதி மூடினார். மீதிப் பாதி போதுமானது. நெல்லில் எழுத்து எழுந்தது: 'கோமாதா'.

கூட்டம் ஆர்ப்பரித்தது. செவ்வந்தி அட்டையைத் திருப்பினாள்.

"என் பிள்ளைக்குக் காட்டினது பஸ்ஸு சாமி."

ஆர்ப்பரிப்பு பாதியில் அறுந்தது.

"அது... குழந்தையின் ஞானதிருஷ்டி அட்டையைத் துளைத்துப் பின்புறம் பார்த்தது!" என்றார் அடிகள்.

"ஆமா, ஆமா!" என்று முன்வரிசையில் ஒருவர் உடனே ஆமோதித்தார். நம்புவது என்று முடிவு கட்டிவிட்டவருக்கு அட்டை என்ன, மதிற்சுவரே தடையில்லை.

"அப்ப நீங்க கண்ணைக் கட்டிக்குங்க," என்றாள் எழில்மொழி. ஓர் அடி முன்னால் வந்தாள். "துளைச்சுப் பார்க்கிறது அவன்தானே? உங்க கண்ணு எதுக்கு?"

"ஆமாய்யா, கட்டிக்க!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "எம் பேத்தியும் மண்டபம்தான் கேட்டா!"

ஒரு துண்டு கைமாறிக் கைமாறி மேடைக்கு வந்தது. வேறு வழியின்றி அடிகள் கட்டிக்கொண்டார். செவ்வந்தி பேருந்தைக் காட்டினாள். விரல் நெல்லில் சுற்றியது, வளைந்தது, தாம்பாளத்தின் விளிம்பைத் தாண்டித் தரையில் இறங்கியது. எழுத்தும் இல்லை, சொல்லும் இல்லை. கோழி கிளறிய களம்தான் இருந்தது.

"நாத்திகர் கூடின இடத்தில் வாக்கு வராது!" அடிகள் துண்டை உருவி எறிந்தார்.

செவ்வந்தி கத்தவில்லை. "அப்ப 'அம்மா'ன்னு எழுதினது யாரு சாமி?" என்று கேட்டாள்.

பந்தலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவரவர் பிள்ளை எழுதிய வார்த்தை அவரவர் நெஞ்சில் வந்து நின்றது. மூட்டை போனது யாருக்கும் அப்போது பெரிதாகப் படவில்லை. பேசாத பிள்ளையின் பெயரால் எவனோ ஒருவன் தங்களோடு பேசியிருக்கிறான். அந்தக் குழந்தையின் வாயில் இல்லாத சொல்லைத் தானே புனைந்து, பெற்றவர்களிடமே விற்றிருக்கிறான். ஒரு தகப்பன் தாம்பாளத்தைக் கவிழ்த்தார். அடிகள் பின்வாசலைத் தேடினார். வாசலை மறித்துக்கொண்டு நின்றவை அவருக்கு வந்த காணிக்கை மூட்டைகளே. காவலர்கள் வந்து சேரும்வரை அவர் அவற்றின்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

பரிதி இத்தனையையும் பொருட்படுத்தாமல் தாயின் முந்தானையை இழுத்து, பந்தல் ஓரத்துத் தண்ணீர்ப் பானையை நோக்கிக் கை நீட்டினான். அவன் கண்ணும் பானையின் மேலேயே இருந்தது.

"தண்ணி கேக்குறான் மேடம்!"

"கேக்குறான்க்கா. இது அவன் சொன்னது."

செவ்வந்தி தண்ணீர் முகந்து கொடுத்தாள். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு அழைத்து வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மகனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. கலைந்த கூட்டத்தில், சட்டைப்பையில் இரண்டு பேனா செருகிய பட்டதாரி ஒருவர், "இதே மாதிரி கும்பகோணம் பக்கம் ஒருத்தர் அரிசிமாவுல எழுத வைக்கிறாராமே, அவர் நிஜமாம்ல?" என்று விசாரித்துக்கொண்டு போனார். அவர் போகட்டும். கும்பகோணம் போகும் வேனில் இடம் பிடிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு கண்களைக் கடவுள் கொடுத்தார் என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்? கொடுத்தவருக்கு மரியாதையாகவாவது அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள்.