நாச்சிமுத்து வீட்டுக் கல்யாணக் கூழ்

எத்தனையோ நாட்டுக்காரர்கள் பண்பாட்டைக் கோபுரத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். அடுத்தவர் வயிற்றில் வைத்துக் காப்பாற்றிய பெருமை வடமதுரை நாச்சிமுத்துவுக்கே உரியது. மகள் கல்யாணத்துக்கு 'விருந்துப் பண்பாட்டுக் குழு' என்றே ஒன்றை அமைத்துவிட்டார், கண்ணுகளா! தலைவர் அவர்; செயலாளர் அவருடைய மச்சினன் பொம்மையன்.

அவர் வயலில் நாற்று நட்டு நெல் அறுப்பவள் ராமுத்தாய். வீட்டில் காய்ச்சுவதென்னவோ கம்பங்கூழ். நெல்லுச்சோறு கண்ணில் படுவது முதலாளி வீட்டு நல்லது கெட்டதில்தான். இப்போது அவளுக்கு ஏழாம் மாசம். மசக்கையில் பிடித்த சோற்று நினைப்பு இன்னும் விடவில்லை; கல்யாணத்தை எண்ணியே வாயூறிக் கிடந்தாள்.

குழு கூடியது.

"நம்ம முப்பாட்டன் அரிசியா தின்னான் மச்சான்? கம்பு! கேப்பை! அதான் அம்புட்டு வீரம்," என்று முழங்கினார் பொம்மையன்.

"அப்ப பாயசம்?" என்றார் நாச்சிமுத்து.

"கூழுல கருப்பட்டியைத் தட்டிப் போட்டா அதுதான் பாயசம்!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கம்பு இடிக்கும் 'பண்பாட்டுப் பணி' ராமுத்தாய்க்கு வழங்கப்பட்டது.

"ஏ புள்ள, சோறே கெடையாதாம்ல," என்றான் அவள் புருஷன் ஒச்சப்பன்.

"சும்மா கெடங்க. கல்யாண வீட்டுல சோறு இல்லாமப் போகுமா?" என்று உலக்கையால் ஓங்கி இடித்தாள் அவள்.

முகூர்த்தம் முடிந்து இலை விரிந்தது. திண்டுக்கல்லிலிருந்து காரில் வந்த கனவான்கள் வெள்ளிக் கிண்ணத்துக் கூழை ஒரு விரலால் தொட்டு நக்கி, "ஆகா, என்ன பண்பாடு!" என்று மெச்சிவிட்டு, போகிற வழியில் பிரியாணிக் கடை வாசலில் காரை நிறுத்தினார்கள். குழுவினருக்கு மட்டும் உள்ளறையில் நெல்லுச்சோறு. பண்பாட்டுக்காக உழைத்த வயிறு கூழைத் தாங்காதாம், வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

கடைசிப் பந்தியில் ராமுத்தாய் உட்கார்ந்தாள். அவள் இடித்த கம்பு அவள் இலைக்கே வந்து சேர்ந்தது.

ஏப்பம் விட்டபடி வந்தார் நாச்சிமுத்து. "என்ன ராமுத்தா, நம்ம பண்பாடு எப்படி?"

அவர் மீசையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையையே பார்த்தாள் அவள்.

"நல்லாருக்கு மொதலாளி. எங்க குடிசையில தெனமும் கல்யாணந்தான் நடந்திருக்கு, எனக்குத்தான் தெரியாமப் போச்சு. நெல்லுச்சோறு திங்கணும்னா இனி இந்த வீட்டுல எழவு விழணுமாக்கும்?"